மோட்டாரை நிறுத்த யாரைக் கேட்க வேண்டும்?

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை பக்கத்தில் ராத்திரி நேரம் தோட்டத்துக்கு நடந்துபோய் மோட்டார் போடுவது பலருக்குப் பழைய கதையாகிவிட்டது. மூன்று ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று விழித்திருந்து, டார்ச்சும் கையுமாக, பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து கிணற்று மேட்டுக்குப் போன காலம் அது. இப்போது மொபைல் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். கரண்ட் வந்ததும் அதுவே தகவல் சொல்லும். படுத்த இடத்திலிருந்து ஒரு எண்ணை அமுக்கினால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் சும்மா சுற்றினால், யாரையும் கேட்காமல் தானே நிறுத்திவிடும். ஐஓடி என்றோ பொருட்களின் இணையம் என்றோ பெயர் தெரியாமலே இங்குள்ள விவசாயிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இரண்டு கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது. செய்தி எந்த வழியாகப் போகும் என்பது ஒன்று. முடிவை எங்கே எடுப்பது என்பது இன்னொன்று. வழி விஷயம் சுலபம். கையில் இருக்கும் போன், நடுவில் டவர், கிணற்றடியில் பெட்டி. வேறு வழியே கிடையாது. முடிவு விஷயத்தில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மோட்டார் ஓட வேண்டுமா என்பதை மனிதர் முடிவு செய்கிறார். தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்துவதைப் பெட்டி முடிவு செய்கிறது. அதையும் மனிதரிடம் கேட்டுத்தான் செய்வேன் என்று பெட்டி காத்திருந்தால், அவர் தூக்கத்தில் போனை எடுப்பதற்குள் மோட்டாரின் காயில் சுருள் எரிந்திருக்கும். எந்த வேலையை எந்தக் கருவியில் வைப்பது என்று பிரிப்பதற்குச் 'சேவை ஒதுக்கீடு' என்று பெயர். இதை வடிவமைத்தவருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரீவைண்டிங்குக்கு என்ன செலவாகும் என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒரு பெட்டி, ஒரு சிம் என்று இருக்கும்வரை இது இவ்வளவுதான். இருபது சென்சார் வந்துவிட்டால் இரண்டு கேள்விகளும் தலைவலியாகிவிடும். பாடப்புத்தகங்களில் இவை தனித்தனி அத்தியாயங்கள். வழி கணிப்பதை நெட்வொர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், வேலையைப் பிரித்துக் கொடுப்பதை மென்பொருள்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பேட்டரியில் ஓடும் கருவிகள் நிறைந்த வலையில் ஒன்றை முடிவு செய்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்க்கலாம் என்று போனால், இரண்டுமே தப்பாகத்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல ஒரு தோட்டம் வேண்டும்.

நான்கு ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ராயக்கோட்டை போகும் வழியில், சரிவான நிலம். மேட்டில் வீடு, பள்ளத்தில் கிணறு. நடுவில் குச்சி நட்டுக் கட்டிய தக்காளி, ஓரமாகக் கொஞ்சம் மா. இருபது இடங்களில் மண்ணின் ஈரம் பார்க்கும் சென்சார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம் வாங்கி ரீசார்ஜ் செய்து கட்டுப்படியாகாது. அதனால் சென்சாரில் சின்ன ரேடியோ, வீட்டுக் கூரையில் ஒரு கேட்வே, அதாவது சென்சார்களை இணையத்தோடு இணைக்கும் பெட்டி. இணையம் கேட்வேக்கு மட்டும்தான். பள்ளத்தில் இருக்கும் சென்சார் சொல்வதை நடுவில் இருப்பது கேட்டு, அது மேலே இருப்பதிடம் சொல்லி, கைமாறிக் கைமாறித்தான் செய்தி வீடு வந்து சேர வேண்டும்.

இந்த வகைச் சின்ன ரேடியோக்களுக்கு ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2003-இல் வெளியிட்ட 802.15.4 என்ற தரம் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 250 கிலோபிட் வேகம். ஒரு தடவை அனுப்பும் பொட்டலம் அதிகபட்சம் 127 பைட். யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். கொம்புக்குத் தனியாக மூன்று, புள்ளிக்குத் தனியாக மூன்று. ஐந்தாறு சொல் எழுதினால் பொட்டலம் நிரம்பிவிடும். கருவியின் மூளையும் அதே அளவில்தான் இருக்கும். இந்தக் கருவிகளை வகை பிரித்து இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆவணத்தில், முதல் வகுப்புக் கருவி என்பது 10 கிலோபைட் அளவுக்கு நினைவகமும், நிரலை வைக்க 100 கிலோபைட் அளவுக்கு இடமும் உள்ளது. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றைக்கூட அதில் வைக்க முடியாது.

வழி கணிப்பது என்றதும் கணினி படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடத்தில் அந்த முறையை யோசித்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 1959-இல் அது அச்சில் வந்தது. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு செலவு எண் கொடுத்துவிட்டால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செலவு குறைந்த வழியை அது தப்பாமல் எடுத்துக் கொடுத்துவிடும். சிக்கல் அந்த எண்ணில்தான். தர்மபுரியிலிருந்து ஓசூர் போக கிருஷ்ணகிரி வழியாகப் பெரிய சாலை இருக்கிறது, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகவும் சாலை இருக்கிறது. தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. எது 'குறைந்த வழி' என்று கேட்டால், காரில் போகிறவர் ஒன்றைச் சொல்வார், வழியில் தக்காளி ஏற்ற வேண்டிய வண்டிக்காரர் இன்னொன்றைச் சொல்வார். இருவர் கணக்கும் சரிதான். எதைச் செலவு என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

ரேடியோவில் தூரத்தை எண்ணிப் பயனில்லை. பள்ளத்துச் சென்சார் நேராக வீட்டு கேட்வேயோடு பேசப் பார்க்கிறது என்று வையுங்கள். பேச்சு பாதி நேரம்தான் போய்ச் சேர்கிறது. கிடைத்தது என்று கேட்வே சொல்லும் பதிலும் பாதி நேரம்தான் திரும்பி வருகிறது. இரண்டும் ஒழுங்காக நடப்பது நான்கில் ஒரு முறை. அதாவது ஒரு செய்திக்குச் சராசரியாக நான்கு முறை கத்த வேண்டும். நடுவில் தென்னை மரத்தில் கட்டிய இன்னொரு கருவி வழியாகப் போனால் இரண்டு தாவல். ஆனால் ஒவ்வொரு தாவலிலும் போவது பத்துக்கு ஒன்பது, வருவது பத்துக்கு ஒன்பது. பெருக்கினால் 0.81. ஒரு தாவலுக்குச் சராசரி 1.23 முயற்சி, இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.47. நேர்வழியைவிடச் சுற்றுவழி மலிவு. இப்படி எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணும் அளவுக்கு ஈடிஎக்ஸ் என்று பெயர். இத்தகைய வலைகளில் பரவலாகப் பயன்படுவது இதுதான்.

அந்த எண்ணும் நிலையாக இருப்பதில்லை. தக்காளி நாற்று நட்ட வாரத்தில் வயல் வெட்டவெளி. எல்லாக் கருவிக்கும் எல்லாக் கருவியும் கேட்கும். இரண்டு மாதத்தில் செடி குச்சி உயரத்துக்கு ஏறிவிடும். இலையிலும் காயிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும். மழை பெய்து மா இலையெல்லாம் நனைந்திருந்தால் இன்னும் மோசம். நடவின்போது பார்த்துப் பார்த்துப் பொருத்திய வலை அறுவடை நேரத்தில் தடுமாறும். கருவி கெட்டுவிட்டது என்று கழற்றிக்கொண்டு போவார்கள்; கடையில் மேசைமேல் வைத்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்யும். கோளாறு கருவியில் இல்லை, செடி வளர்ந்துவிட்டது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. பேசுவதுதான் பேட்டரியைக் காலி செய்யும் என்று நினைப்போம். உண்மையில் கேட்பதற்கும் ஏறக்குறைய அதே செலவு. இந்தத் துறையில் நெடுங்காலம் புழங்கிய சிசி2420 என்ற ரேடியோ சில்லு, முழுத் திறனில் அனுப்பும்போது எடுப்பது 17.4 மில்லி ஆம்பியர். கேட்கும்போது எடுப்பது 18.8. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று 2500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியோடு காதைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் 133 மணி நேரம், அதாவது ஐந்தரை நாளில் கதை முடிந்தது. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் காதைத் திறந்தால் கணக்குப்படி ஒன்றரை வருடம் வரும். ஆகவே எந்த வழி என்று கேட்பது போதாது, எந்த நேரத்தில் என்றும் கேட்க வேண்டும். 2012-இல் அந்த ஐஇஇஇ தரத்தில் சேர்த்த ஒரு திருத்தம் இதைத்தான் செய்கிறது. பஸ் டைம் டேபிள் போல, இன்ன கருவி இன்ன நொடித்துண்டில் இன்ன அலைவரிசையில் பேசும், அப்போது அதன் பக்கத்துக் கருவி மட்டும் விழித்துக் கேட்கும், மற்றதெல்லாம் தூங்கும்.

ஏரிக்குப் போகும் தண்ணீர்

வரைபடம் முழுவதையும் தெரிந்து வைத்துக்கொள்ள அந்தச் சின்ன மூளைக்கு இடம் பத்தாது. அப்படியானால் வழி எப்படித் தெரியும்? 2012 மார்ச்சில் ஐஇடிஎஃப் வெளியிட்ட ஆர்பிஎல் என்ற நெறிமுறை இதற்கு ஒரு விடை. ரிப்பிள் என்று உச்சரிப்பார்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம், ஏரியும் வரத்துக் கால்வாயும் பார்த்தவர்கள் இல்லையா.

கேட்வே இருப்பது மேட்டு வீட்டில்தான்; ஆனாலும் இந்தக் கணக்கில் அதை ஏரி என்று, எல்லாவற்றுக்கும் தாழ்ந்த இடம் என்று வையுங்கள். நான்தான் ஏரி, என் மட்டம் இது என்று அது அறிவிக்கும். அதைக் கேட்ட கருவிகள், ஏரியை அடைய ஆகும் செலவைக் கூட்டித் தங்கள் மட்டத்தைக் கணக்கிட்டு அறிவிக்கும். அவற்றைக் கேட்டு அடுத்த வரிசை. கடைசியில் ஒவ்வொரு கருவிக்கும் தன் மட்டமும், தன்னைவிடத் தாழ்ந்த பக்கத்துக் கருவி எது என்பதும் தெரிந்துவிடும். முழு வரைபடம் யாரிடமும் இல்லை, தேவையுமில்லை. தண்ணீருக்கு மட்டும் என்ன, வரைபடம் தெரிந்தா ஏரிக்குப் போகிறது? பள்ளம் பார்த்து ஓடுகிறது. மேட்டுக்குத் திரும்பி ஏறாது என்ற விதி ஒன்று இருந்தால், செய்தி ஒரே இடத்தில் வட்டமடிப்பதும் தவிர்க்கப்படும்.

அந்த விதி உடையும் இடம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு கருவி செத்துப்போனால், அதை நம்பியிருந்தது வேறு துணை தேடும். அவசரத்தில் தனக்கு மேட்டில் இருப்பதையே, தன்னை நம்பியிருப்பதையே பிடித்துக்கொண்டால், அது இதன் தோளிலும் இது அதன் தோளிலும் உட்கார்ந்த கதையாகிவிடும். செய்தி இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்பட்டுப் பேட்டரிதான் தீரும். அதனால் துணை இழந்த கருவி, எனக்கு இப்போது மட்டமே இல்லை, என்னிடம் அனுப்பாதீர்கள் என்று முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு தேட வேண்டும் என்று ஏற்பாடு. சரி, இந்த அறிவிப்புகளை எவ்வளவு அடிக்கடி செய்வது? அடிக்கடி செய்தால் பேட்டரி போகும். எப்போதாவது செய்தால் மாற்றம் தெரியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. ஆர்பிஎல் தன் இயல்பு அமைப்பில் 8 மில்லி விநாடி இடைவெளியில் தொடங்கும். சுற்றியுள்ளவர்கள் சொல்வதும் தான் சொல்வதும் ஒத்துப்போனால் இடைவெளியை இரட்டிப்பாக்கும். ஒத்துப்போகப் போக மறுபடி மறுபடி இரட்டிக்கும். இருபது முறை இரட்டித்தால் இடைவெளி ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம். ஊரில் எல்லாம் சுமுகமாக இருந்தால் பேச்சே இருக்காது. எங்காவது ஒரு முரண் கேட்டால் அந்த நொடியே பழைய 8 மில்லி விநாடிக்குத் திரும்பிவிடும்.

எல்லோரையும் நம்பி நடக்கும் முறை என்பதால் பொய்யர்களுக்கும் இடம் உண்டு. மேட்டில் இருக்கும் ஒரு கருவி 'என் மட்டம் ஏரி மட்டம்' என்று பொய் சொன்னால், சுற்றியுள்ளதெல்லாம் அதனிடம் கொண்டுவந்து கொட்டும். நான்கு ஏக்கர் தக்காளியில் யாரும் இதற்கு மெனக்கெடப் போவதில்லை. அணைக்கட்டிலோ துணைமின் நிலையத்திலோ வைக்கும் வலையில் இதை மறந்தால் மன்னிக்க முடியாது.

சென்சாரிலிருந்து கேட்வேக்குச் செய்தி வருவது இப்படி. கேட்வேயிலிருந்து கீழே வயலுக்கு, பாத்திக்குத் தண்ணீர் விடும் ஒரு குறிப்பிட்ட வால்வுக்கு 'திற' என்று கட்டளை போக வேண்டுமானால் கதை வேறு. தண்ணீர் ஏரிக்குப் போகத் தெரிந்துகொண்டது, ஏரியிலிருந்து ஒரு குறிப்பிட்ட வரப்புக்குத் திரும்பத் தெரியாது. இதற்கு ஒரு வழி, கேட்வே முழுப் பாதையையும் பொட்டலத்தின் மேலேயே எழுதி அனுப்புவது. ஐபிவி6 என்ற வகை இணைய முகவரி ஒன்று 16 பைட். நான்கு தாவல் என்றால் 64 பைட், 127-இல் பாதி. பொதுவான பகுதியைச் சுருக்கி எழுதும் வசதி இருக்கிறது என்றாலும், முகவரியே கடிதத்தைத் தின்னும் நிலைமைதான். கீழ்நோக்கிய கட்டளைகள் எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகின்றனவோ அவ்வளவு நல்லது. இதைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் கருவியின் பாடு. இருபது கருவியின் செய்தியும் அந்தத் தென்னை மரத்துக் கருவி வழியாகத்தான் போகிறது என்றால், மற்றவை ஒரு செய்தி அனுப்பும் நேரத்தில் அது இருபது அனுப்பும். அதன் பேட்டரி முதலில் சாகும். அது செத்தால் மீதி பத்தொன்பதில் பேட்டரி நிறைய இருந்தும் பயனில்லை. மிகச் சிறந்த வழி என்று எல்லோரும் ஒரே வழியைத் தேர்ந்தெடுப்பதால் வரும் வினை இது. துணையை மாற்றி மாற்றிப் பிடிப்பது, மிச்சமிருக்கும் பேட்டரியையும் செலவுக் கணக்கில் சேர்ப்பது என்று ஆய்வுக் கட்டுரைகளில் வகை வகையாக வழி சொல்லியிருக்கிறார்கள். மரத்தில் ஏறி ஒரு சின்ன சோலார் பலகையைக் கட்டிவிட்டு வருவது அதைவிட உத்தமம் என்பது என் கட்சி.

எல்லா வழியையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்கிட்டால் என்ன என்ற யோசனையும் உண்டு. பெரிய தொலைத்தொடர்பு வலைகளில் வழி கணிப்பதற்கென்றே தனி ஆளை வைக்கலாம் என்று 2006-இல் ஐஇடிஎஃப் ஒரு கட்டமைப்பை வெளியிட்டது. மற்ற கருவிகள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். தோட்டத்தில் அந்த வேலையைக் கேட்வே செய்யலாம். அதனிடம் நினைவகம் உண்டு, கரண்ட் உண்டு, நடுவில் இருப்பவர் மேல் சுமை ஏறுவதும் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் படம் வரைய எல்லாக் கருவியும் தகவல் அனுப்ப வேண்டும், அதற்கும் பேட்டரிதான். தொடர்பு அறுந்துபோன கருவி யாரிடம் போய்க் கேட்கும் என்ற கேள்விக்கும் பதில் கிடையாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு இரவில் முதலில் போவது கரண்ட், அடுத்தது டவர். மேலே கேட்காமல் தானே வழி கண்டுபிடிக்கத் தெரிந்த வலைதான் அப்போது உதவும், கொஞ்சம் சுமாரான வழியாக இருந்தாலும்.

வழியே வேண்டாம் என்றால்

இவ்வளவு ரோதனை எதற்கு, எல்லாக் கருவியும் நேராக ஒரே இடத்தோடு பேசட்டும் என்று வந்தது லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை. ராயக்கோட்டை மலை மாதிரி ஓர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு எட்டும். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், பிறகு 868 வரை நீட்டினார்கள். அலை நீளம் அதிகம் என்பதால் இலைதழையையும் ஓரளவு தாண்டும். தாவல் இல்லை, மட்டம் இல்லை, துணை தேடுவது இல்லை.

ஆனால் ஓசியில் எதுவும் கிடைப்பதில்லை. லோராவில் எவ்வளவு தூரம் எட்ட வேண்டுமோ அவ்வளவு இழுத்துப் பேச வேண்டும். 20 பைட் செய்தியைப் பக்கத்தில் இருக்கும் கருவி ஏறக்குறைய 70 மில்லி விநாடியில் சொல்லி முடித்துவிடும். எல்லையில் இருக்கும் கருவி அதையே இழுத்துச் சொல்ல 1.8 விநாடி ஆகும், இருபத்தைந்து மடங்கு. அதுவரை அந்த அலைவரிசையில் அதே இழுவையில் பேசுகிற இன்னொன்று குறுக்கே வந்தால் இரண்டும் போச்சு. வழி கணிக்கும் பிரச்சினை, யார் எவ்வளவு இழுத்துப் பேசுவது என்று ஒதுக்கும் பிரச்சினையாக உருமாறியிருக்கிறது, அவ்வளவுதான். தவிர, பேட்டரிக் கருவி தான் பேசி முடித்த பிறகு ஒரு விநாடி, இரண்டு விநாடி கழித்து மட்டுமே காதைத் திறக்கும். அரை மணிக்கு ஒரு முறை பேசும் வால்வுக்கு 'மூடு' என்று சொல்ல வேண்டுமானால், அது அடுத்த முறை பேசும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி, வேலையை எங்கே வைப்பது என்பது, நேராக வந்து மோதுகிறது. யானை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராகி முற்றும் காலத்தில் கர்நாடகப் பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காடுகளுக்குள் யானைக் கூட்டம் இறங்குவது இங்கே வருடா வருடம் நடப்பது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்து, இரண்டு குட்டிகள் தப்பியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காட்டோரத்தில் கேமரா வைத்து, யானை வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கலாம் என்ற யோசனை நல்லதுதான். கேமரா எடுக்கும் படம் 1 மெகாபைட் என்று வைப்போம். அந்த இடத்தில் இருப்பது லோரா மட்டும். அதன் வேகமான நிலையில், விநாடிக்கு 5.5 கிலோபிட்டில், ஒரு படம் போய்ச் சேர 24 நிமிடம். மெதுவான நிலையில், விநாடிக்கு 250 பிட்டில், ஒன்பது மணி நேரம். யானை ராகியைத் தின்று முடித்து அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும்.

ஆகவே வந்தது யானையா மாடா என்று கண்டுபிடிக்கும் வேலை கேமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும். வெளியே போவது 'யானை, மூன்று, வடக்கே' என்ற அளவில் சில பைட் மட்டும். அதற்குக் கேமராவில் கொஞ்சம் பலமான சில்லு வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும். அதே இடத்தில் வைஃபை எட்டும் தூரத்தில் ஒரு வீடும் கரண்டும் இருந்தால் கணக்கு தலைகீழ். படத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம்; அங்கே இருக்கும் சின்னக் கணினி பார்த்துக்கொள்ளும்; கேமரா மலிவாக இருக்கலாம். வழி எப்படிப்பட்டது என்பது வேலை எங்கே நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வேலை எங்கே நடக்கிறது என்பது வழியில் எவ்வளவு சுமை ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. எதை முதலில் முடிவு செய்வீர்கள்?

தோட்டத்துக்கு வருவோம். இருபது சென்சாரும் கால் மணிக்கு ஒரு முறை ஈர அளவை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்றால் தென்னை மரத்துக் கருவி திணறும். ஈரம் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் மட்டும் அனுப்பு என்ற சின்ன வேலையைச் சென்சாருக்கே கொடுத்தால் செய்திகள் பெருமளவு குறையும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஐந்து சென்சாரின் அளவை வழியிலேயே சராசரியாக்கி ஒரே செய்தியாக அனுப்பினாலும் குறையும். இரண்டு சந்தர்ப்பத்திலும் நாம் வழியைத் தொடவே இல்லை, வேலையை நகர்த்தினோம். சிறந்த வழி எது என்ற விடை தானாக மாறிவிட்டது. திறக்கும் முடிவையே வால்வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், பாதி பொட்டலத்தை முகவரிக்கே கொடுக்கும் அந்தக் கீழ்நோக்கிய கட்டளையும் தேவையில்லாமல் போகும்.

எல்லாவற்றையும் அடியிலேயே வைத்துவிட முடியாது என்பதும் உண்மை. பத்துவிதமான வேலைகள், அவற்றை வைக்க ஆறு இடங்கள் என்றால் வைக்கும் விதங்கள் 6 கோடிக்கு மேல். வேலைகள் இருபதானால் 3,600 லட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நினைவகம், கரண்ட், நேரம் என்று வரம்புகள். ஒவ்வொன்றாகப் பார்த்து மிகச் சிறந்ததை எடுப்பது எந்தக் கணினிக்கும் ஆகாது. வழி கணிப்பதிலும் இதே கதை உண்டு. தாமதம் இவ்வளவுக்குள், பேட்டரிச் செலவும் இவ்வளவுக்குள் என்று இரண்டு வரம்பு ஒரே நேரத்தில் வைத்தால், டைக்ஸ்ட்ராவின் எளிய முறை கைகொடுக்காது. இப்படிப்பட்ட சிக்கல்களுக்கு வேகமாகவும் துல்லியமாகவும் விடை தரும் பொது முறை இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. நடைமுறையில் செய்வது லாரியில் தக்காளிப் பெட்டி அடுக்குகிறவர் செய்வதுதான். பெரியதை முதலில் வை, இடுக்கில் சின்னதைச் செருகு. ஒரே அளவுகோல் உள்ள எளிய வடிவத்தில், இந்த முறை மிகச் சிறந்த அடுக்கலைவிட ஏறக்குறைய 22 சதவீதத்துக்கு மேல் மோசமாகப் போகாது என்று நிரூபித்திருக்கிறார்கள். கை வேலைக்காரனின் யோசனைக்குக் கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரியது, சின்னது என்று பிரிக்க நான் பார்ப்பது அவசரத்தை. வறண்ட மோட்டாரை நிறுத்துவது விநாடிக் கணக்கு. அது ஸ்டார்ட்டரை விட்டு நகரக் கூடாது. எந்தப் பாத்திக்கு இன்றைக்குத் தண்ணீர் என்பது அரை மணி பொறுக்கும், கேட்வேக்கு ஏற்றது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணைக்கு வெள்ளம் வந்து சேர ஆறே நேரம் கொடுக்கும். அந்தத் தகவல் சில நிமிடம் தாமதமாகலாம், ஆனால் தொலையக் கூடாது. எனவே அதற்குக் குறுகிய வழியைவிட, ஒன்றையொன்று தொடாத இரண்டு வழிகள் முக்கியம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்பது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரக் காரணமான சங்கதி என்றாலும், நாளுக்கு ஒரு முறை தெரிந்தால் தாராளம். அதற்கு மும்பையோ ஹைதராபாத்தோ எங்கே இருக்கும் சர்வரும் சரிதான்.

தூரம் என்றால் ஒளி போகும் நேரம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபைபரில் ஆயிரம் கிலோமீட்டரை ஒளி 5 மில்லி விநாடியில் கடந்துவிடும். அது ஒரு பொருட்டே இல்லை. கிராமத்து டவரில் நெரிசல், டவருக்குக் கரண்ட், கேட்வேயின் ரீசார்ஜ், எங்கோ ஒருவர் சர்வருக்குக் கட்ட வேண்டிய பணம், இவைதான் தூரம். எனக்குத் தெரிந்த ஒரு மாந்தோப்பில் வாங்கி வைத்த கருவிகள் எல்லாம் அச்சுப் பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அவை அளவை அனுப்பியது ஒரு சிறு நிறுவனத்தின் சர்வருக்கு. வால்வை அங்கிருந்துதான் இயக்க வேண்டும். ஒரு நாள் அந்தச் சர்வர் நின்றது, திரும்ப எழவேயில்லை. ஐந்தடி தூரத்தில் இருக்கும் வால்வைத் திறக்கத் தோப்புக்காரர் பழையபடி சாவியை எடுத்துக்கொண்டு போகிறார், பக்கத்தில் கருவி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

வழியையும் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்ட தோட்டத்தில் ஒரு பருவம் எப்படிப் போகும் என்றால், நடவின்போது சென்சார்கள் நேராகக் கேட்வேயிடமே பேசும். சராசரி, ஒப்பீடு எல்லாம் கேட்வேயில் நடக்கும். செடி ஏற ஏற நேர்வழிகளின் ஈடிஎக்ஸ் ஏறும், கருவிகள் தென்னை மரத்துப் பக்கம் திரும்பும், அதன் சுமை ஒரு அளவைத் தாண்டியதும் சராசரி போடும் வேலையை வயலின் நடுவில் இருக்கும் இரண்டு கருவிகளுக்குக் கேட்வே பிரித்துக் கொடுக்கும். கடைசிப் பறிப்பு முடிந்து, குச்சியைப் பிடுங்கி, காய்ந்த கொடியை வரப்பில் போட்டுக் கொளுத்திய வாரத்தில் வயல் மறுபடி வெட்டவெளி. பள்ளத்துச் சென்சார் பழையபடி கேட்வேயை நேராகப் பிடிக்கும், நடுவில் இருந்த இரண்டும் கூடுதல் வேலையை இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போகும்.